இடது கைக்கு வெள்ளை மூடி

மார்ச் 5, புதன்

முதலாளி இன்றும் முன்னால் வரச் சொல்லவில்லை. ஏழு மாதமாகக் கடையின் பின்னறையில் கைக்கடிகாரங்களுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். "கஸ்டமர் கடிகாரத்தைப் பார்க்கணும்பா, உன் கையை இல்ல" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. இரண்டு புறங்கையும் செதில் செதிலாக உரிகிறது. கண்ணாடிப் பெட்டி மேல் கையை வைத்து எடுத்தால் துடைக்க வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சொரியாசிஸுக்கு ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா விளக்கினார்: "உடம்பைக் காக்க வேண்டிய படை உங்க தோலையே எதிரின்னு நெனச்சு அடிக்குது சார்."

வீட்டில் வந்து சொன்னேன். "நல்லதாப் போச்சு, கோவத்தை என்கிட்ட காட்டாம அங்கயே காட்டிக்குது" என்றாள் மனைவி.

மார்ச் 6

இரண்டு ட்யூப். நீல மூடி வலது கைக்கு, வெள்ளை மூடி இடது கைக்கு. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. எது எதில் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். நானே தடவினால் ஒரு கையில் உள்ளது மறு கையில் ஒட்டிவிடும். அதனால் வேறொருவர் கையுறை போட்டுக்கொண்டு தடவ வேண்டும். எங்கள் வீட்டில் வேறொருவர் என்றால் ஒருத்திதான். நான் டிவியைப் பார்த்தபடி கையை நீட்டினால் போதும்.

மார்ச் 26

வலது கை தெளிகிறது. இடது கை அப்படியே. மனைவி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

ஏப்ரல் 16

இடது கையும் தெளிந்துவிட்டது! முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "நாளைலேருந்து முன்னால நில்லு."

ஏப்ரல் 17

கவுண்டர். ஒரு அம்மாள் மணிக்கட்டை நீட்டினார், வாரை நானே மாட்டிவிட்டேன். என் கையை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் இவ்வளவு சுகமா?

ஏப்ரல் 30, புதன்

ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முகம் சரியில்லை. "ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கு சார். மருந்துக்கும் வெறும் களிம்புக்கும் வித்தியாசமே இல்லைன்னுதான் நான் எழுதணும். இந்தச் சோதனையில இருக்கறதே கொஞ்சம் பேர், ஒருத்தர் கணக்கு மாறினாலும் மொத்தமும் ஆட்டம் காணும்."

மே 1

வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கவில்லை. கீழே குழாயைக் கழற்றினேன். உள்ளே வெள்ளைக் களிம்பு, ஒரு கைப்பிடி.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மறைக்கவில்லை.

"நீலத்தையே ரெண்டு கைக்கும் பாதிப் பாதி போட்டேன். ட்யூபை எடை போட்டுப் பார்ப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, அதான் வெள்ளையை இதுல விட்டேன்."

"ஆராய்ச்சிம்மா இது!"

"கை உங்களதுங்க."

குழாயைத் திரும்ப மாட்டினேன்.

மே 3

சொல்லணுமா? சொன்னா ட்யூபை வாங்கிடுவாங்க. கை பழையபடி ஆயிடும். மறுபடி பின்னறை. சொல்லலைன்னா — வேலை செய்யற மருந்து வேலை செய்யலைன்னு எழுதிடுவாங்க. காத்திருக்கும் அறையில் ஒரு தபால்காரர் உட்கார்ந்திருப்பார், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அவருக்கு வர வேண்டியது வராமலே போயிடும். எனக்கென்ன? — எனக்கென்ன?

மே 7, புதன்

சொல்லிவிட்டேன். டாக்டரம்மா இரண்டு ட்யூபையும் வாங்கிக்கொண்டார். நான்கு வாரம் எதுவும் தடவக் கூடாது, அப்புறம் முதலிலிருந்து. இனிமேல் தினமும் ஆஸ்பத்திரியில் நர்ஸ்தான் தடவுவார்.

"என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?" வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"இரக்கப்படறவங்க தடவக் கூடாதாம்."

"முன்னாடியே சொல்லியிருந்தா உங்க அக்காவை வரவழைச்சிருக்கலாமே."

மே 28

பின்னறை. பேட்டரி.

ஜூலை 2, புதன்

நர்ஸ் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடிக்கிறார். வலது கை சுத்தம். இடது கை உரிகிறது. டாக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இடது கை ரொம்ப மோசம் சார்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

முதலாளியும் பாதி இறங்கி வந்திருக்கிறார். வலது கை கவுண்டர் மேலே, இடது கை பேன்ட் பைக்குள்ளே. ஆனால் வாரை மாட்ட இரண்டு கை வேண்டும். ஒரு முனையை கஸ்டமர் பிடித்துக்கொள்கிறார், மறுமுனையை நான்.

மாலையில் டிவி பார்க்கும்போது மனைவி என் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். சும்மா பிடிச்சுக்கறதுக்குத் தடை இல்லையாம்" என்றாள்.