சுண்டுவிரல் இல்லாத தடம்

ஐஸ்லாந்து, 12.7.1983

அய்யா அவர்களுக்கு உங்கள் மகன் பூவனலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

படிப்புக்காக வழிகாட்டியோடு நான்கு நாள் எரிமலைகளையும் பனிப்பாறைகளையும் சுற்றி நடந்தோம். மூன்றாம் நாள், பனியைத் தாண்டியதும் நம் கரிசல்போலவே கறுத்த சாம்பல் நிலம். “புஞ்சைக்குள்ள செருப்போட எறங்காதலே” என்பீர்களே, அந்தப் பழக்கத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டேன். வழிகாட்டி திட்டினார். சாம்பல் கதகதப்பாக இருந்தது.

எனக்கு முன்னால் வேறொரு வெறுங்கால் தடம் போயிருந்தது. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. உழும்போது ஏர்க்கொழு வெட்டிய உங்கள் இடது கால் அப்படித்தானே இருக்கும். இந்த வருஷம் நாங்கள்தான் முதலில் வந்தோம் என்கிறார் வழிகாட்டி. தடம் அடுத்த பனிப்பாறைவரை போய் நின்றுவிட்டது.

பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் சுக்கு அனுப்புங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். பதிலை வேறு யாரையும் வைத்து எழுதவேண்டாம். உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதுங்கள், அய்யா.