மெஷினில் ஹோர்ன் இல்லை

1985 மார்ச் 3, ஞாயிறு

பூசைக்குப் போவதாக இசபெல் அக்காவிடம் சொல்லிவிட்டு நுவரெலியா பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் கார் ஓட்டும் வீடியோ மெஷின் வந்திருக்கிறது. ஸ்டியரிங், கியர், எக்ஸிலேட்டர் எல்லாம் உண்டு. முதல் சுற்று 94 செக்கன். கேவலம். மூன்றாவது 88.

தோட்டத்து உதவி மேலாளர் சின்னத்துரை சொன்னது நிஜமாக இருக்கவேண்டும். ஏப்ரல் மலையேற்றக் கார் ஓட்டத்துக்கு அவருடைய மினி காரை நான்தான் தயார் செய்கிறேன். பயிற்சி நாளில் எனக்கும் ஒரு ஓட்டம் தருவாராம். 80 செக்கனுக்குள் ஏறினால் கொழும்பில் அவர் அண்ணனின் ரேஸ் கராஜில் வேலை. ஏறாவிட்டால்? இந்தத் தேயிலை ஸ்டோர் வேலை, இந்த லயத்து ஒற்றை அறை. சாகும்வரை.

மார்ச் 10

மெஷினில் 79. கொழுந்து லொறி ஓட்டும் ஆண்டியப்பனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஓட்ட எந்தக் கச்சேரியில லைசன்ஸ் குடுக்கிறாங்க, இஞ்சினியர் சார்?"

பிரேக்குக்குள் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாதவன். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவன்.

மார்ச் 16

மினியை ஸ்டோர் வாசலிலிருந்து மேல் பங்களா கேட்வரை ஓட்டினேன். பதினொரு வளைவு. 3 நிமிடம் 8 செக்கன். ஏழாம் வளைவின் உள்பக்கத்தில் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அம்மாக்கண்ணு அக்கா, தலையில் கொழுந்துச் சாக்கோடு. ஹோர்ன் அடித்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்மேட்டோடு ஒட்டிக்கொண்டார்.

பிறகு கேட்டேன், பயமில்லையா என்று. "சத்தம் கேட்டாப் போதும் தம்பி, காலு தானா ஒதுங்கிரும்."

மார்ச் 31

மெஷினில் 71. அந்தக் கடையில் வேறு எவனும் 80க்குக் கீழே வரவில்லை. மாலையில் அதே பதினொரு வளைவு: 3 நிமிடம் 7 செக்கன்.

ஒரே ஒரு செக்கன்! ஏன்?

மெஷின் ஸ்டியரிங்கில் பாரமே இல்லை. பிரேக் மிதித்தால் உடம்பு முன்னே போவதில்லை. டயர் சறுக்குவதை இடுப்புதான் முதலில் அறியும். அங்கே இடுப்புக்கு வேலையில்லை. மோதினால் புதுக் கார் வருகிறது.

ஒன்று மட்டும் கிடைத்திருக்கிறது. ஒரு வளைவில் இருக்கும்போதே அடுத்ததைப் பார்க்கிறேன். உள்பக்கமாக வெட்டும் கோடு தெரிகிறது. தோட்டத்து ரோட்டில் வெட்ட முடியாது, எதிரே யார் வருவார்களோ. ரேஸுக்கு ரோட்டை மூடுவார்கள். அன்றைக்கு வெட்டுவேன்.

ஏப்ரல் 19

நாளை. பிரேக் சரி. காபரேட்டர் சரி. அக்கா சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். கொழும்பில் கடல் பக்கத்திலேயே இருக்குமா என்று கேட்கிறாள்.

ஏப்ரல் 20

91.

முதல் வளைவில் என் கை தானாக ஹோர்னுக்குப் போனது. பாம். ரோடு மூடியிருக்கு, எதிர்ல ஈ காக்கா கிடையாது, எனக்கே தெரியும். தெரிஞ்சும் இடதுபக்கம் ஒட்டி, வேகத்தைக் குறைச்சு — பாம். எல்லா வளைவிலயும். மூணாவதுல இருந்து கூட்டமும் சேர்ந்து 'பாம்' போட்டுச்சு.

சின்னத்துரை கடிகாரத்தைக் காட்டினார். திட்டவில்லை. "நீ நல்ல மெக்கானிக், லோரன்ஸ்" என்றார். அவ்வளவுதான்.

என்னத்தக் கத்துக் குடுத்திச்சு அந்த மெஷினு? அதுல ஹோர்னே இல்லையே.

ஏப்ரல் 22

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது ஆண்டியப்பன்: "பாம் பாம் தொரை வர்றாரு! வழி விடுங்கடி, காது கிழிஞ்சிரும்!"

பெண்கள் சிரித்தார்கள். அம்மாக்கண்ணு அக்காவும்.

ஏப்ரல் 29

யாத்திரை சீசன் முடிவதற்குள் சிவனொளிபாத மலை ஏறிவிட வேண்டும் என்று ஆண்டியப்பன் குடும்பத்தோடு நல்லதண்ணிக்குப் போயிருக்கிறான். மூன்று நாளுக்கு லொறி என் கையில். இனி ஹோர்ன் அடிக்கமாட்டேன். கையைப் பழக்கவேண்டும். சின்னத்துரை மே கடைசிவரை இங்கேதான், இன்னொரு தடவை கேட்கலாம்.

இன்று பதினொன்றில் ஒன்பது வளைவு, சத்தமே இல்லாமல்.

ஏப்ரல் 30

மழை மூட்டம். ஏழாம் வளைவு. அடிக்கவில்லை. உள்பக்கமாக வெட்டினேன். அங்கே சாக்கோடு —

மே 5

நுவரெலியா ஆஸ்பத்திரி. வலது கால், இரண்டு இடத்தில் முறிவு. இனி மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். இசபெல் அக்கா கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன். அம்மாக்கண்ணு அக்காவே கூப்பிட்டார்.

"ஹோனு அடிச்சிருந்தா ஒதுங்கியிருப்பேனே தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜூலை 15

லைசன்ஸ் பொலிசில். சின்னத்துரை போய்விட்டார், மினியும் போய்விட்டது. என்னை ஸ்டோர் மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள். வாடுவதற்குக் கொழுந்தைப் பரப்பும் வேலை.

ஆண்டியப்பன் இப்போது என்னை எதுவும் சொல்வதில்லை. அது இன்னும் மோசம்.

அவன் லொறி மேலே ஏறும்போது இங்கே ஜன்னலோரம் ஒவ்வொரு ஹோர்னும் கேட்கும். இன்று எண்ணினேன். பதினொரு வளைவுக்குப் பன்னிரண்டு. ஏழாவதில் மட்டும் இரண்டு தடவை அடிக்கிறான்.