உழக்குக்குக் கொஞ்சம் குறைய

இன்று காலை கடையில் கடலையெண்ணெய் டின் ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து அந்தப் புகை வந்தது. பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து வேகிற வாடை. "ஏலே, எண்ணெய் கூடிப்போச்சு" என்று உன்னிடம் சொல்லத்தான் திரும்பினேன். திரும்பின பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. பங்குனியில் வ. புதுப்பட்டிக் கல்லறைத் தோட்டத்துக்கு உன்னைத் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருத்தன். அப்படியும் இந்த மூக்குக்கு அது தெரியவில்லை.

வந்திருந்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மரக்கடைக்காரர். நம் ரம்ப மெஷினை விலைக்குக் கேட்டு வந்திருக்கிறார். தானே ஒரு டப்பாவில் கலந்து கொண்டுவந்ததை ஊற்றி ஓட்டிப் பார்த்தார். மெஷின் இருமியது, கிட்டங்கி முழுக்கப் புகையைக் கக்கிவிட்டு நின்றது. அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். குறை மெஷினில் இல்லை என்று மூக்கே சொல்லிவிட்டது. ஆனாலும் அதை அவருக்கு விளக்கிச் சொல்ல உடனே வாய் வரவில்லை. இப்போதெல்லாம் எதைச் சொல்லவும் ஒரு சடைவு.

நம் கைக்கு அந்த மெஷின் வந்த நாளில் எனக்குச் சடைவு என்றால் என்னவென்று தெரியாது. யுத்தம் முடிந்து, மதுரையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள். கான்வாஸ் துணி மலிவாகக் கிடைக்குமென்று நான் போனேன். கூட வந்த நீ, துருப்பிடித்த இரும்புக் குவியலுக்கு நடுவில் அதைப் பார்த்துவிட்டு நகரமாட்டேன் என்று நின்றாய். ஒரு முனையில் எஞ்சின், மறுமுனையில் வெறும் கைப்பிடி, நடுவில் ஆள் நீளத் தகட்டைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. ஆளுக்கொரு முனை பிடிக்க வேண்டும். அசாம் காட்டில் மரம் அறுக்கும் பட்டாளத்தில் மூன்று வருஷம் இதைத்தான் பிடித்ததாகவும், இடது காதைத் தின்றது இதுதான் என்றும் சொன்னாய். காதைத் தின்றதையா விலைக்கு வாங்கப் போகிறாய் என்று கேட்டேன். "இன்னொரு காது இருக்குல்லா" என்றாய்.

எஞ்சின் முனை உனக்கு. மறுமுனை பிடிக்க, தொந்தியும் வேட்டியுமாக நான். உன் மச்சினர் போலீசில் இருந்தார். மெட்ராஸில் ஒரு கம்பெனிக்குக் காவல்காரனாக உனக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். ஐப்பசிக்குள் மெஷின் வேலை பிடிபடவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும் என்பது உன் வீட்டுப் பேச்சு. உன் மனைவி ஞானம் பெட்டியைக் கட்டியே வைத்துவிட்டாள். நீ என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாய்.

"ஏலே, மறுபடியும் என்னால ரயிலேற ஏலாது. வெளியூர்ல கெடந்தது போதும். இது ஓடணும்."

எண்ணெய் விஷயத்தில் நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கிறதா? எண்ணெய்க் கடைக்காரனிடம் நீ எண்ணெய் பற்றிப் பேசினாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி மையாகப் போடுகிற விளக்கெண்ணெய் கடையில் பீப்பாய்க் கணக்கில் கிடக்க, வெளியே ஏன் வாங்க வேண்டும் என்று நான் கேட்டேன். நீ ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோலையும் விளக்கெண்ணெயையும் ஊற்றிக் குலுக்கிக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாய். சாயங்காலம் பார்த்தால் எண்ணெய் பிரிந்து அடியில் நின்றது. சரி, பஸ் கொட்டகையில் எஞ்சினிலிருந்து இறக்கின பழைய எண்ணெய் சும்மாவே கிடைக்கிறதே என்றேன். "அதுல கரியும் இரும்புத்தூளும் கெடக்கு. நீ குடிப்பியா?" என்றாய். கடைசியில் மூடி உடைக்காத டின்னில், லாரிக்கு ஊற்றுகிற கனமான புது எண்ணெயாகப் பார்த்து வாங்கினோம். பெட்ரோலோ சர்க்கார் ரேஷன் கூப்பனுக்குத்தான். அது வேறு அலைச்சல்.

கலக்கிற விதத்தையும் நீதான் சொன்னாய். இந்த எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றத் தனிக் குழி கிடையாது. குடிக்கிற பெட்ரோலோடுதான் எண்ணெயும் உள்ளே போக வேண்டும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். கூடினால் பிளக் நனைந்து நெருப்பு வராது. ஒருபோதும் டாங்கிக்குள் வைத்துக் கலக்கக் கூடாது. தனிக் கேனில் எண்ணெயைக் கொஞ்சம் பெட்ரோலோடு குலுக்கிவிட்டு, பொறவு மிச்சப் பெட்ரோலை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். "கேலனுக்கு அரைப் பைண்ட். உன் கணக்குல உழக்குக்குக் கொஞ்சம் குறைய" என்று சொல்லிவிட்டுச் சங்கிலிக்கு அரம் போட உட்கார்ந்தாய். கலக்கும் வேலையை என்னிடம் விட்டாய்.

முதல் வேலை வன்னியம்பட்டிக் கண்மாயில் வந்தது. கரைமேல் நின்ற பெரிய மருதமரம் காற்றில் சாய்ந்து மடையை அடைத்துக்கொண்டு கிடந்தது. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. தண்ணீர் வந்து மடை வழியே போகாவிட்டால் கரை உடையும், கீழே உள்ள நஞ்சை முழுக்கப் போகும். கைரம்பக்காரர்கள் இரண்டு வாரம் கேட்டார்கள். ஒரே நாளில் துண்டு போடுகிறோம் என்று பண்ணையாரிடம் பேசி முடித்தது நான். முடித்துக் கொடுத்தால் அவர் தோப்பில் வருஷம் முழுக்க வேலை. உன் பெட்டி அவிழ்வதும் மெட்ராஸ் ரயில் ஏறுவதும் அந்த ஒரு மரத்தில் இருந்தது.

கயிற்றை இழுத்தாய். மெஷின் ஓடியது. மரத்தின் பட்டைக்குள் பல் இறங்கியதுமே புகை குபுகுபுவென்று வந்து மெஷின் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றினாய், கறுப்பாய் ஈரமாய் இருந்தது. துடைத்துப் போட்டு இழுத்தாய். மறுபடி அதே கதை. ஊரே கரைமேல் கூடியிருந்தது. "எண்ணெய்க்காரரே, மரம் அறுக்க வந்தீகளா, கொசு வெரட்ட வந்தீகளா?" என்று ஒருத்தர் கேட்க, கரை முழுக்கச் சிரிப்பு. பண்ணையார் சிரிக்கவில்லை. கைரம்பக்காரர்களுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். உன் முகத்தை அப்போது பார்த்தேன். வெளுத்திருந்தது.

நீ கேனைத் திறந்து மோந்து பார்த்தாய். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தாய். எதால் அளந்தாய் என்று கேட்டாய். உழக்கால்தான், நீ சொன்ன அளவுதான் என்றேன். என் குரலும் ஏறிவிட்டது.

"எப்படி ஊத்துனே? ஊத்திக் காட்டு."

கண்மாய்த் தண்ணீரை ஒரு செம்பில் மொண்டு, உழக்கில் ஊற்றிக் காட்டினேன். உழக்கு நிறைந்தது. அதைக் கேன் வாயில் கவிழ்ப்பது போலக் கவிழ்த்தேன். நீ சொன்ன 'கொஞ்சம் குறைய' அங்கேயே போயிற்று. அதோடாவது நின்றிருக்கலாம். செம்பு மறுபடி எழுந்து, தன்பாட்டுக்கு ஒரு வளையம் சுற்றி, இன்னும் ஒரு தாரை ஊற்றிவிட்டு இறங்கியது. எனக்கே அது தெரியவில்லை. இருபது வருஷமாகக் கடையில் எவருக்கும் கொசுறு ஊற்றாமல் அனுப்பினதில்லை. கூட்டாளி மெஷின் ஆயிற்றே, கை இன்னும் தாராளமாகப் போயிருக்கும்.

நீ மரத்தின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

"கெடுத்தியே மொதலாளி. மெஷினுக்குமா கொசுறு?"

நாலு பேர் முன்னால்தான் என்னை முதலாளி என்பாய், அதுவும் கேலிக்கு. அன்றைக்கு அதில் கேலி பாதிதான் இருந்தது. வழி ஒன்று உண்டு என்றாய்: மூன்றில் ஒரு பங்கைக் கொட்டிவிட்டு அந்த இடத்தில் வெறும் பெட்ரோலைச் சேர்க்க வேண்டும். நம்மிடம் பெட்ரோல் இல்லை. கரைக்குக் கீழே புளியமரத்தடியில் பண்ணையாரின் கார் நின்றது. கூப்பன் பெட்ரோல், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போக அவர் சேர்த்து வைத்திருப்பது. தா என்று கேட்க உனக்கு வாய் எழவில்லை. கேட்பது என் தொழில்.

"ஐயா, ஒரு கேஸை நாளைக்குத் தள்ளிப்போடலாம். தண்ணியத் தள்ளிப்போட முடியுமா?" என்றேன்.

அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிரைவரைக் கூப்பிட்டார்.

பிளக்கைக் கழற்றிப் பெட்ரோலிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ச் சுள்ளித் தீயில் சுட்டுக் காயவைத்துப் போட்டாய். இழுத்தாய். இந்தத் தடவை புகை மெல்லிசாக, நீலமாக வந்தது. சத்தம் மாறிவிட்டது. ஒற்றைக் காதோடு நீ தலையைச் சாய்த்துக் கேட்டதும், பிடி என்று எனக்குக் கண் காட்டியதும் இன்றைக்கும் முன்னால் நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் துண்டங்களைக் காளை பூட்டி இழுத்துவிட்டார்கள். மறுநாள் மலைத் தண்ணீர் மடை வழியாக ஒழுங்காகப் போனது. ஞானம் பெட்டியை அவிழ்த்தாள்.

அந்த வாரம்தான் ஒரு பழைய இருமல் மருந்துக் குப்பியை எடுத்து, அரத்தால் கழுத்துக்குக் கீழே ஒரு கோடு கிழித்துக் கொடுத்தாய். இதற்கு மேல் என் கை போனால் ஒடித்துப்போடுவேன் என்றாய். பிறகு இரண்டு வருஷம் நாம் கலந்ததெல்லாம் அந்தக் குப்பியில்தான். முதலில் ஒவ்வொரு தடவையும் கையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பின், எஞ்சின் முனைக்கு வேறு ஆள் வைத்துப் பார்த்தேன். மெஷின் ஓடத்தான் செய்தது. எனக்குத்தான் மறுமுனையில் நிற்க முடியவில்லை. தோள் வலி என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். வலியும் இருக்கிறது. ஞானத்திடம் கேட்டேன். "வித்துருங்க அண்ணாச்சி. அது துருப்பிடிச்சுக் கெடந்தா அவியளுக்குத்தான் பிடிக்காது" என்றாள்.

ஆகவே இன்று, மரக்கடைக்காரர் கலந்து வந்ததைக் கீழே கொட்டச் சொன்னேன். குப்பியில் கோடு வரைக்கும் எண்ணெய் எடுத்து நானே கலந்து ஊற்றினேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பேசி முடித்து மெஷினை வண்டியில் ஏற்றும்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, கொசுறா அந்தக் குப்பியையும் குடுத்துருங்க."

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் வேறொன்றில் அளப்பார், மெஷின் மறுபடி புகையும். கொடுத்துவிட்டேன்.

வண்டி போன பிறகு விளக்கெண்ணெய் வாங்க ஒரு பெண் வந்தாள். உழக்கில் அளந்து அவள் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். அவள் நகரவில்லை.

"அண்ணாச்சி, கொசுறு?"

கை தானாக நின்றிருந்தது. அவள் கேட்ட பிறகுதான் ஊற்றினேன்.