காந்தத்தின் மேல் பதினோரு ஜாடி

ஆதம்பாக்கம்
18 நவம்பர் 2024

ஜானுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன். எஸ்தர் அக்கா ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறாள். அதனால்தான் கடிதம்.

அவளைப் பார்த்துக்கொள்ள வந்து ஒன்பது நாள். நேற்று துணி எடுக்க நம் வீட்டுக்கு வந்தால், என் பதினோரு ஜாடியும் இருக்கும் ஷெல்புக்கு அடியில் உன் ஸ்பீக்கர் பெட்டிகள். அடையாறு முகத்துவாரத்துச் சேறு அது. பதினான்கு மாதம் அசைக்காமல் வைத்து வளர்த்த பாக்டீரியா. ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் இரும்புத் துகள்கள் பாசிமணி கோத்ததுபோல வரிசையாக இருக்கும். பூமியின் காந்தத்தை அதை வைத்துத்தான் உணர்ந்து, காற்றில்லாத அடிச்சேற்றுக்கு வழி கண்டுபிடிக்கும். உன் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் வழியைத் தலைகீழாகக் காட்டிவிட்டது. கீழே போக வேண்டியவை மேலே ஏறி, காற்றுப் பட்டுச் செத்துக் கிடக்கின்றன.

லேபில் இடமில்லை என்றுதானே வீட்டில் வைத்தேன். மூன்று மாதத்தில் தீசிஸ் கொடுக்க வேண்டும். எதை வைத்துக் கொடுப்பேன்?

டயானா

நொச்சிக்குப்பம்
21 நவம்பர் 2024

டயானாவுக்கு,

கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதே.

ஜாடியைத் தொடாதே என்றாய். தொட்டேனா? மழையில் பாலவாக்கம் கோடவுன் ஒழுகியது. கல்யாண ஆர்டருக்கு வைத்திருந்த பெட்டிகளை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு ரூம் வீட்டில் ஒரு ரூம் உன் சேற்றுக்கு. வருகிறவன் எல்லாம், "இன்னாடா ஜானு, ஊட்ல கூவம் நாத்தம் அடிக்கீது" என்கிறான். ஒரு நாள் வாய் திறந்தேனா? கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்காகப் புருஷனைத் திட்டுகிறவள் இந்தக் குப்பத்திலேயே நீ ஒருத்திதான். எனக்குத்தான் ஒன்றும் புரியாதே.

நேற்று செபஸ்தியான் போட்டில் போய், அதே முகத்துவாரத்தில் பதினோரு ஜாடி சேறு அள்ளி வந்தேன். பெட்டிகளையும் எடுத்துவிட்டேன். வா.

ஜான்

ஆதம்பாக்கம்
24 நவம்பர் 2024

ஜான்,

சேறு அள்ளிக்கொண்டு வந்துவிட்டால் ஆயிற்றா? ஒரு பாக்டீரியா என்ன ரசாயனத்தைக் கசியவிடுகிறது, பக்கத்தில் இருப்பது அதை எப்படிச் சேதியாக எடுத்துக்கொள்கிறது என்று வாராவாரம் உட்கார்ந்து குறித்தேன். அதையும் அள்ள முடியுமா?

புரியாது என்று எழுதாதே. காந்தம் உன் தொழில். ஷெல்பில் நான் மறந்துவிட்டுப் போன வாட்சு சமையலறையில் அரிசி டப்பா மேல் இருந்தது. ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்தால் கெட்டுவிடும் என்று வாட்சுக்குப் பார்த்தாய். ஜாடிக்குப் பார்க்கவில்லை. மூன்று வருஷமாகச் சோறு போட்டுக்கொண்டே நான் சொன்னதில் ஒரு வார்த்தையாவது காதில் ஏறியதா? மறந்துவிட்டேன் என்றாவது எழுது. திட்டித் தீர்த்துவிடுகிறேன்.

டயானா

நொச்சிக்குப்பம்
27 நவம்பர் 2024

டயானா,

கோடவுன் ஒழுகவில்லை.

நீ அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அன்று காலையில், உன் லேப் சிநேகிதி தஹ்சீனிடம் போனில் பேசினாய். "அவன் ஸ்பீக்கர் கட்றவன், அவனுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாய். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன்.

நீ சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும். உன் காம்பஸை வைத்துப் பார்த்துத்தான் பெட்டியைக் குப்புறப் போட்டேன். காந்தத்தின் எந்தப் பக்கம் இருந்தால் அவை மேலே ஏறும் என்று நீதான் ஒரு நாள் படம் போட்டுக் காட்டினாய். எனக்கு என்ன தெரியும் என்று நீயே பார் என்று ஒரு வெறி. தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். சேறு அப்படியே இருந்தது. ஏதாவது ஒரு சத்தம் வந்திருந்தால் எடுத்திருப்பேன்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் நீ சொன்னதும் சொன்னதுதான்.

ஜான்

ஆதம்பாக்கம்
1 டிசம்பர் 2024

ஜானுக்கு,

தஹ்சீனிடம் அப்படிப் பேசியது சின்னத்தனம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ தெரியாமல் செய்திருந்தால் இன்னும் ஒரு வாரம் கத்திவிட்டு வந்திருப்பேன். என் போன கடிதத்தைப் போட்ட அன்றே, வீட்டுக்குத் திரும்பி வரப் பையைக் கட்டி வைத்துவிட்டேன். கைடிடம் அவகாசம் கேட்டு, நீ அள்ளிய சேற்றிலேயே மறுபடி தொடங்கலாம் என்று இருந்தேன்.

மூன்று வருஷம் நான் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாய் என்று இப்போதுதான் தெரிகிறது. என் லேபில்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பையைப் பிரித்துவிட்டேன். மீதித் துணிமணி எடுக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ பூசைக்குப் போகும் நேரத்தில் வருகிறேன். அப்போது வீட்டில் இருக்காதே.

டயானா