ஊசி படாத மூன்று கோடு

என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். உங்கள் தகரப்பெட்டியைத் திறந்துவிட்டோம். முதல் வருட நினைவு நாளுக்குள் சமாதிக்குக் கல் வைக்க வேண்டும். கல் வெட்டுகிறவர் திங்கட்கிழமைக்குள் வாசகம் கேட்கிறார். உங்கள் பெயருக்கு முன்னால் என்ன பதவி போடுவது என்பதில்தான் எனக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது. அம்மாவைக் கேட்டால், "பட்டாளத்துக்காரரு, அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்கிறார்.

மாரண்டஹள்ளி சந்தையில் யாராவது "ஹவில்தாரே" என்று கூப்பிட்டால் நின்று திருத்துவீர்களே, "நாயக்குங்க, ஹவில்தார் இல்லீங்க" என்று. தக்காளி வாங்க வந்ததே மறந்துபோகும். ஆனால் பெட்டியில், சட்டைக் கையில் தைக்கிற பதவிப் பட்டை இரண்டு ஜோடி இருந்தது. ஒரு ஜோடியில் இரண்டு கோடு, அது நாயக்குக்கு. இன்னொன்றில் மூன்று.

"மூணு கோடுன்னா நாயக்குக்கு மேல, ஹவில்தாரு, அக்கா! அப்பா அடக்கமா சொல்லாம வுட்டுட்டாரு. கல்லுல ஹவில்தார்னே போடலாம்" என்று தம்பி குதித்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். தாத்தாவும் பட்டாளத்தில் இருந்தவர்தானே, அவருடையதாக இருக்கக் கூடாதா? என் தையல் கடைக்கு வருகிற, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துணி பச்சைங்க. உங்க தாத்தா காலத்துல காக்கி. சுதந்திரத்துக்கு அப்புறந்தான் இந்தப் பச்சை வந்துச்சு. இது உங்கப்பாவுதுதாங்க."

தம்பிக்கு வாயெல்லாம் பல். ஆனால் இருபது வருடமாக ஊசி பிடிக்கிற கை சும்மா இருக்குமா? பூதக்கண்ணாடியை வைத்து ஓரங்களைப் பார்த்தேன். இரண்டு கோட்டுப் பட்டையில் ஓரமெல்லாம் துளை. பிரித்துப் பிரித்து மூன்று சட்டைகளுக்காவது மாற்றித் தைத்திருக்கிறீர்கள். ஒரு சுற்று கருப்பு நூல் வேறு! பச்சை நூலுக்கு அவ்வளவு பஞ்சமா அப்பா? மூன்று கோட்டுப் பட்டையில் மட்டும் ஒரு துளைகூட இல்லை. அதன் மொடமொடப்பு அப்படியே இருந்தது.

சுபேதாரிடம் மறுபடி போனேன். "ப்ரமோஷன் வந்தா அன்னிக்கு சாயங்காலமே தைச்சுருவோங்க. ஆர்டர் வர்றதுக்கு முந்தியே ஆசையில வாங்கி வச்சுக்கிறவங்களும் உண்டு. எதுக்கும் டிஸ்சார்ஜ் புக்கைப் பாருங்க" என்றார்.

பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற அந்தப் புத்தகம் அம்மாவின் பீரோவில் பழைய ரேஷன் கார்டுகளுக்கு அடியில் கிடந்தது. பதவி: நாயக். விலகிய காரணம்: சொந்த வேண்டுகோள். தேதியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அந்த மாசந்தான் நீ தருமபுரி ஆஸ்பத்திரியில மூச்சு வுட முடியாம கெடந்த. மூணு வயசு. லீவுல வந்து பாத்துட்டுப் போனவரு, எழுதிக் குடுத்துட்டு வூட்டுக்கே வந்துட்டாரு" என்றார் அம்மா. பட்டையைப் பற்றி அவருக்கும் நீங்கள் சொல்லவில்லை.

அப்பா, அதை எப்போது வாங்கினீர்கள்? ஆர்டர் வர இன்னும் எத்தனை நாள் இருந்தது? சந்தையில் அந்தப் பதவியைச் சொல்லிக் கூப்பிட்டபோதெல்லாம் வலித்ததா? என்னிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. உங்கள்மேல் கோபமாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது.

தம்பி டிஸ்சார்ஜ் புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு, "நாயக்னே போடச் சொல்லுக்கா" என்றான். அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். சந்தையில் நீங்கள் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இனி கல்லில் படித்துக்கொள்ளட்டும்.

மூன்று கோட்டுப் பட்டை என் தையல் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு நல்ல துணியில் அதைத் தைத்துச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான் தம்பி. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறேன் அப்பா, இதில் மட்டும் என் ஊசி படாது. இது சத்தியம்.

அதை உங்கள் கையில் ஏறவிடாமல் செய்த
உங்கள் மகள்,
செல்வி