எழுத்து என்னிடம், சட்டம் உன்னிடம்

அண்ணா,

இன்று காலை அம்மா உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து புத்தகங்களை வெயிலில் பரப்பினாள். பாச்சை உருண்டை வாசனை தெருவரை வந்தது. சென்னையிலிருந்து நீ லீவுக்கு வரும்போதெல்லாம் உன் சட்டையில் அடிக்கும் வாசனை. பள்ளிக்கூடம் கிளம்பியவள் பையைக் கீழே வைத்துவிட்டு, தடியான ஒரு புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அகராதி இல்லாமல் இங்கிலீஷில் ஒரு பக்கம் படித்தேன். சொற்கள் பாதிக்குமேல் தெரிந்தவைதான். பக்கம் முடிந்தபோது ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

பி.எல். முடித்த பிள்ளை கோர்ட்டுக்குப் போகாமல் மேல்பட்டம் என்று மறுபடியும் காலேஜில் சேர்ந்ததில் நைனாவுக்கு வருத்தம்.

"நெலத்தப் பத்தி இன்னும் இன்னாடா படிக்கிற? நான்தான் தெனம் உழுதுகினு கீறேனே, என்னைக் கேளேன்."

"உழறது எப்பிடின்னு இல்ல நைனா. உழற நெலம் யாருதுன்னு எப்பிடி முடிவு பண்றதுன்னு படிக்கிறேன்."

"அதுக்கு ரெண்டு வருசமா?"

அம்மா மட்டும் சிரித்தாள்.

நீ படித்தபோது நம் ஊர்ப் பள்ளியில் தமிழ்தான். ஆந்திரம் தனி மாநிலமானபின் வந்த வாத்தியார் எனக்குத் தெலுங்கு எழுத்து கற்றுக்கொடுத்தார். புத்தூர்ச் சந்தையில் நீ தெலுங்கு பேசினால் திருப்பதிக்காரப் பிள்ளை என்றே நினைப்பார்கள். ஆனால் அந்த மொழியில் உன் பெயரைக்கூட உனக்கு எழுதத் தெரியாது. எல்லை முடிவாகி, திருத்தணி அந்தப் பக்கம் போனது. நாம் ஆந்திரப் பக்கமே நின்றோம். அதன்பிறகு ஊருக்கு வந்த காகிதமெல்லாம் தெலுங்கில்தான் வந்தது.

எதிர்வீட்டுக் கன்னியம்மா அத்தை சித்தூர் ஆபீஸ் நோட்டீசை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்த மாலை உனக்கு நினைவிருக்கும். நீ அதைப் பிரித்துப் பார்த்தாய். திருப்பிப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"இன்னாடா, அவ்ளோ படிச்சிக்கினு தங்கச்சி மூஞ்சியப் பாக்கற?" என்றாள் அத்தை.

"சட்டம் எங்கிட்ட, எழுத்து இவகிட்ட. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு வக்கீல்" என்று சொல்லி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாய்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்குப் புரியாத வார்த்தைகளைக் காதால் கேட்டே நீ புரிந்துகொண்டு, அத்தைக்குத் தமிழில் சொன்னாய். இறந்துபோன அவள் புருஷனின் அண்ணன், ஏரிக்கீழ் நிலம் முழுவதும் தன்னுடையது என்று மனு கொடுத்திருந்தார். ஆட்சேபணை இருந்தால் அத்தை நேரில் வந்து சொல்ல வேண்டும்.

அந்த நிலத்தை அண்ணன் தம்பி இருவரும் நம் பக்கத்து வழக்கப்படிதான் பிரித்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஆளுக்கொரு பக்கமாக வரப்பில் நடந்து, சந்தித்த இடத்தில் கல் நட்டு, பொங்கல் வைத்துச் சாப்பிட்டார்கள். யாரும் எதுவும் எழுதவில்லை. நம் ஊரில் யார் எழுதியிருக்கிறார்கள்? அத்தை அதைச் சொன்னதும் உன் முகம் மலர்ந்தது.

"இது என் பரீட்சைப் பாடம் அத்தை. எழுதாத பாகமும் செல்லும். நான் வந்து பேசறேன்."

"எப்பிடிச் செல்லும்?" என்று நான் கேட்டேன்.

"எல்லாம் புக்குல கீது. உனக்கெதுக்கு? நீ படிச்சுக் காட்டு, போதும்."

இரண்டு நாளில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்று நகரி டாக்டர் சொன்னார். நான் ஈரத்துணியை உன் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. சித்தூருக்குப் போகும் நாளைப் பற்றி நீ அடிக்கடி கேட்டாய். "எழுந்ததும் போலாம்" என்றாய். அத்தை வாசலில் நின்று, "நெலம் கெடக்குது, நீ மொதல்ல கஞ்சி குடி ராசா" என்று அழுதாள். நீ எழுந்திருக்கவில்லை.

உன் காரியம் முடிந்த மறுவாரம் விசாரணை வந்தது. நைனா ஒரு மூலையில் உட்கார்ந்தவர் எழுந்து வெளியே வருவதில்லை. அதனால் அத்தையும் நானும்தான் பஸ்ஸில் போனோம். ஆபீசர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு முக்காலி போடச் சொன்னார். எழுத்து இல்லாமல் பாகம் பிரித்தது எப்படிச் செல்லும் என்று தெலுங்கில் கேட்டார். செல்லும் என்றேன். எந்தச் சட்டப்படி என்றார்.

"புக்குல கீதுன்னு எங்கண்ணா சொல்லுச்சி" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அயிதே மீ அன்னய்யனி தீஸ்குனி ரா அம்மா" என்றார். அப்படியானால் உன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வா என்று.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள்.

நிலம் அந்த அண்ணன்காரர் பெயருக்கே போய்விட்டது. அங்கே நடவுக்கு ஆள் கூப்பிட்டபோது அத்தையும் கூலிக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஏரிக்கீழ் சேற்றில் அவள் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். நான் தலைகுனிந்து போனாலும் அவள் கூப்பிட்டுவிடுகிறாள். "ஏம்மே, துன்னியா? மூஞ்சி வாடிக்கீது" என்கிறாள்.

உன் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா. அந்தச் சட்டம் எதில் இருக்கிறது என்று நீ சொல்லவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஓடினால் பெரிது. பள்ளியிறுதிக்குமேல் என்னைப் படிக்கவைப்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் காகிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. நேற்றுகூடப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி நோட்டீசோடு வந்தார்கள். அவர்களை அழைத்து வந்தது கன்னியம்மா அத்தைதான். விளக்கருகில் வைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். ஓர் எழுத்துகூடத் தடுக்கவில்லை.

"இதுக்கு இன்னா அர்த்தம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அவள் தோளில் கை வைத்தாள். "இரு, சொல்லுவா" என்றாள்.