தலைவர் சிரிக்காத அன்று

அண்ணே,

இன்று நம் வாசகசாலைக்கு வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பின் வாசனை தெருமுனை வரை வருகிறது. கட்டடம் திறந்த புதிதிலும் இதே வாசனைதான். அப்போதுதான் நீங்கள் ரங்கூன் வேலையை விட்டுவிட்டு, தீராத இருமலோடும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தோடும் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தீர்கள்.

புத்தகங்கள் உங்கள் பொறுப்பு. மாலையில் பத்திரிகை வாசித்துச் சொல்வது என் வேலை. நான் முடித்ததும் நீங்கள் ஆரம்பிப்பீர்கள். விக்டோரியா ராணி காலத்தில் லண்டனையே சிரிக்கவைத்தவர் அந்தப் புத்தகத்தை எழுதியவர் என்பீர்கள். ஊர் நம்புவதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுவது அவர் வழக்கமாம். அதே பாணியில் நீங்களும் சொல்வீர்கள்: "பொய்யை ஒரு தடவை சொன்னா நம்பிருவாக. உண்மையைத்தான் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டியிருக்கு." சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டிக்காரர்கள்கூட நின்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அந்த எழுத்தாளர் சிறைக்குப் போனவர் என்று சென்னையிலிருந்து வந்த யாரோ நம் வாசகசாலைத் தலைவரிடம் சொல்லிவிட்டார். கட்டடம் கட்டிக் கொடுத்தவர் அவர். திருநீறு அழியாத நெற்றி. கூட்டம் கூட்டிவிட்டார்.

"தெரிஞ்சுதான் அந்தப் புத்தகத்தை இங்க வச்சிருந்தீகளா?" என்று கேட்டார்.

"தெரியுங்க ஐயா. நல்லவுகளுக்குத்தான் மன்னிக்கத் தெரியாது. மன்னிப்புக் கேட்டுப் பழகியிருந்தாத்தானே?" என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தோம். தலைவர் சிரிக்கவில்லை, அவர் முகம் சுருங்கியது. பினாங்கில் வேறு சாதிப் பெண்ணை மணந்த மகனின் பெயரைக்கூட வீட்டில் சொல்லக் கூடாது என்று வைத்திருப்பவர் அவர். எங்களுக்கு அது உறைக்குமுன் உங்களுக்கு உறைத்துவிட்டது. எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அந்த எழுத்தாளரால் சிறையிலிருந்து வந்தபின் சாகும்வரை தன் பிள்ளைகளைப் பார்க்கவே முடியவில்லை என்று, அவருக்கும் பக்கத்திலிருந்த எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னீர்கள். ஆனாலும் புத்தகத்தை எடுத்துவிட வேண்டும் என்றே முடிவாயிற்று. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு, பொறுப்பையும் விட்டுவிட்டு, மானகிரியில் உங்கள் வீட்டுக்கே போய்விட்டீர்கள்.

உங்கள் இருமல் முற்றியிருந்த மாசி மாதத்தில் தலைவர் மானகிரிக்கு வந்தார். நான் உங்கள் கட்டிலருகே இருந்தேன். அவருக்குப் பின்னால் ஒருவரும், தலையில் முக்காடிட்ட ஒரு பெண்ணும் நின்றார்கள்.

"என் மகனும் மருமகளும்," என்றார் தலைவர். "நீங்க பாக்கணும்னு கூட்டியாந்தேன்."

 அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிக் கை காட்டினீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. பங்குனி முடியுமுன் போய்விட்டீர்கள்.

உங்கள் வாசகங்களில் பாதி எனக்கு மறந்துவிட்டது, அண்ணே. ஆனால் போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் நான் ஏதோ வேடிக்கை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வரிசையில் ஒருவர் மட்டும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. கை கழுவியதும் நேரே அவரிடம்தான் போனேன்.